முதுகுவளைவு ஆப்பரேஷன் முடிந்து பிள்ளை வருமுன் வீட்டையும் பிள்ளையையும் தயார் செய்வது எப்படி

என் மகளுக்கு 13 வயதில் முதுகுவளைவு ஆப்பரேஷன் நடந்தது. தேதி குறித்ததிலிருந்து ஏழு வாரம் கையில் இருந்தது. அந்த ஏழு வாரமும் பணம், ரத்தம், லீவு என்று ஓடினோமே தவிர, அவள் வந்து படுக்கப்போகிற வீடு எப்படி இருக்கிறது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று சாயங்காலம் "அம்மா, பாத்ரூம் போகணும்" என்று அவள் சொன்னபோதுதான், எங்கள் வீட்டில் குத்தவைத்து உட்காருகிற கக்கூஸ் மட்டும்தான் இருக்கிறது என்பது உறைத்தது. அவள் மாமா, கடை அடைக்கிற நேரத்தில் தக்கலைக்கு ஓடிப்போய் ஒரு கம்மோட் நாற்காலி வாங்கிவருகிற வரை பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் சொல்வதும் நான் சொல்வதும் எங்காவது மாறினால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வளர வளர நீட்டிக்கொடுக்கிற கம்பி வைப்பதும் உண்டு, அவர்களுடைய கணக்கு வேறு. நான் சொல்வது எலும்புகளைச் சேர்த்து ஒட்டவைக்கிற ஆப்பரேஷனைப் பற்றி.

முதலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் எல்லாம் தானாகப் புரியும். முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருந்தால் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் அளக்கிற அந்த வளைவுக்குக் காப் கோணம் என்று பெயர். 45, 50 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் ஆப்பரேஷன் பேச்சு வரும். எங்கள் மகளுக்கு 58. முதுகின் நடுவில் நீளமாகக் கீறி, எலும்புகளில் ஸ்க்ரூ இறக்கி, இரண்டு பக்கமும் உலோகக் கம்பி வைத்து நிமிர்த்தி, எலும்புத் துகள்களைப் பரப்பித் தையல் போடுவார்கள். கம்பி தாங்கிக்கொண்டிருக்கும்போது அந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாக வேண்டும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். தோல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், பிள்ளை சிரித்துக்கொண்டு நடமாடும், பார்க்கிறவர்கள் எல்லாம் "சரியாயிட்டே" என்பார்கள், ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். குனியாதே, முதுகைத் திருப்பாதே, கனம் தூக்காதே என்று மாதக்கணக்கில் சொல்வது அதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளர்கிற வயதில் வருகிற வளைவுக்குப் பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை. புத்தகப்பை கனத்ததாலோ கோணலாக உட்கார்ந்து படித்ததாலோ வருவதில்லை. நான் ஒரு வருடம் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுதேன். நீங்கள் அழவேண்டாம், அந்த நேரத்தில் செய்ய வேலை நிறைய இருக்கிறது.

வலி வருமுன் பழக்குங்கள்

வலியில் இருக்கிற பிள்ளைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே பழக்கிவிட்டால், வலி நேரத்தில் உடம்பு தானாக அதைச் செய்யும். எழும்புவது, படுப்பது, உட்கார்வது, கழுவுவது, உடுப்பது, மூச்சு இழுப்பது, இந்த ஆறையும் ஆப்பரேஷனுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

படுக்கையிலிருந்து எழும்புவதுதான் இதில் பெரியது. நாம் எல்லாரும் வயிற்றை மடக்கி நேராக எழுந்து உட்காருகிறோம், அது கூடாது. முதலில் மல்லாந்து படுத்தபடி முழங்காலை மடக்க வேண்டும். அப்புறம் தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் திரும்பும்படி பக்கவாட்டில் உருள வேண்டும், பனந்தடியை உருட்டினால் எப்படி மொத்தமாக உருளுமோ அப்படி. கட்டில் ஓரத்துக்கு வந்ததும் இரண்டு காலையும் சேர்த்துக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே, கீழே இருக்கிற முழங்கையையும் மேலே இருக்கிற உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளி எழும்ப வேண்டும். படுப்பதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, வீட்டில் அவள் படுக்கப்போகிற அதே கட்டிலில், அதே பக்கத்திலிருந்து, தினம் நாலைந்து தடவை செய்ய வையுங்கள். நீங்களும் செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தபோதுதான் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது தப்பு என்று தெரிந்தது, எழும்புகிற பக்கம் அவளுக்கு இடமே இல்லை. கட்டிலை நகர்த்தினோம்.

தூக்கிவிடுகிறேன் என்று அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. இதை அப்பா, பாட்டி, சித்தி என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். பாசத்தில் ஓடிவந்து இழுத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று "மக்ளே, பைய எழும்பு" என்று சொன்னால் போதும், அவளே எழும்புவாள்.

மூச்சுக்கு மருந்துக்கடைகளில் மூன்று உருண்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கிடைக்கும். அதை ஊதக் கூடாது, உறிஞ்சி இழுக்க வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பயந்து பிள்ளைகள் மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், சளி கட்டிக்கொள்ளும். முன்பே பழகியிருந்தால் இரண்டாம் நாளே எடுத்து இழுத்துவிடுவார்கள்.

வீட்டைப் பார்க்கிற விதம்

ஒரு நாள் ஒரு பலகையை முதுகில் கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு, குனியாமல், திரும்பாமல், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரை உங்கள் வீட்டில் நடந்து பாருங்கள். எங்கெல்லாம் இடறுகிறதோ அதுதான் உங்கள் வேலைப் பட்டியல். நம் வீடுகள் தரையை நம்பிக் கட்டப்பட்டவை. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பாய் விரித்துப் படுக்கிறோம், பாத்ரூமில் வாளியில் குனிந்து தண்ணீர் மொண்டு குளிக்கிறோம். இது எல்லாவற்றையும் கொஞ்ச காலத்துக்கு இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.

குளியலில் தொடங்குங்கள். வாளியைத் தரையில் வைக்காதீர்கள், ஆடாத ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போடுங்கள், அதில் உட்கார்ந்து கப்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். சோப்பு, எண்ணெய், துவாலை எல்லாம் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும். தரை வழுக்கினால் ரப்பர் பாய் போடுங்கள். பாத்ரூம் வீட்டுக்கு வெளியே இருந்தால் போகிற வழியில் பாசி பிடித்திருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, முற்றம் காய்வதற்கே நேரம் கிடையாது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிள்ளை வந்த பிறகும் வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும்.

கக்கூஸ் கதையை மேலே சொல்லிவிட்டேன். வெஸ்டர்ன் கக்கூஸ் இருந்தாலும் அது தாழ்வாக இருந்தால் சிரமம், மேலே வைத்து உயர்த்துகிற சீட் கிடைக்கிறது. கம்மோட் நாற்காலி வாங்குகிறீர்கள் என்றால் கடையிலேயே பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள், கால் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், ஆடக் கூடாது. கழுவுவதற்கு முதுகைத் திருப்ப வேண்டிவரும், அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். கையால் அழுத்துகிற பைப் வைத்தால் முன்பக்கமிருந்தே கழுவிவிடலாம். இதையும் முன்பே பழக்குங்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அம்மா கழுவிவிடுவது வலியை விடப் பெரிய வேதனை. அவளாகச் செய்ய முடிகிற ஒவ்வொன்றும் அவளுடைய மானத்தைக் காக்கிறது.

கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து முழங்கால் நேராக மடங்குகிற அளவு இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள், ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். நடுவில் குழி விழுந்த மெத்தையும் வேண்டாம், நார்க் கட்டிலும் வேண்டாம். பலகைக் கட்டிலில் கயிற்றுநார் மெத்தை, அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை, இது எங்களுக்குச் சரியாக இருந்தது. தலையணை நாலைந்து வேண்டும். தலைக்கு ஒன்று, பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, முதுகுக்கு அண்டை கொடுக்க ஒன்று. வழவழப்பான துணியில் நைட்டி தைத்தால் படுக்கையில் உருள்வது எளிது. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்துத் தையுங்கள், தலைவழியாக மாட்டுகிற எதுவும் முதல் சில வாரம் சரிவராது. உள்ளாடையும் முன்பக்கம் கொக்கி வைத்ததாக இருக்கட்டும்.

சாய்வு நாற்காலி, ஊஞ்சல், குழிகிற சோபா மூன்றும் வேண்டாம். முதுகு நேராக நிற்கிற, கை வைத்த நாற்காலி ஒன்று போதும். அதை எழும்பி நடக்க இடம் விட்டுப் போடுங்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது.

அறை கீழ்த்தளத்தில், பாத்ரூமுக்குப் பக்கத்தில். பழைய ஓட்டு வீடு என்றால் நிலைப்படி உயரமாக இருக்கும், இரவில் இடறும், ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கரண்ட் போகும், ஃபேன் இல்லாவிட்டால் வேர்த்துத் தையல் அரிக்கும், இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் சார்ஜ் செய்கிற ஃபேன் ஒன்று வாங்கி வையுங்கள். கூப்பிட ஒரு மணி. நாங்கள் பூஜை மணியைக் கொடுத்தோம்.

சின்னத் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் பழக்க வேண்டும். எங்கள் மகனுக்கு 6 வயது, அக்காள் கட்டிலில் ஏறிக் குதிப்பதுதான் அவன் விளையாட்டு. ஒரு வேலையைக் கொடுத்தோம். கீழே விழுகிற எதையும் எடுத்துக்கொடுப்பது அவன் வேலை. பேனா விழுந்தால் அவன்தான் எடுப்பான், வேறு யாரும் எடுக்கக் கூடாது. அதோடு குதிப்பது நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு, குறைவாக இருந்தால் டாக்டர் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகக் கொடுங்கள். சாயாவோடு கொடுத்தால் சத்து சேராது, கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சைத் தண்ணீரோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. சொத்தைப் பல் இருந்தால் முன்பே சரிசெய்துவிடுங்கள். சளி, காய்ச்சல், முதுகில் பரு, கட்டி எது வந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கம்பி வைக்கிற இடத்தில் கிருமி வந்தால் அது பெரிய சங்கடம்.

தலைமுடி. இதை எங்களுக்கு ஒரு நர்ஸ் அக்காதான் சொல்லித்தந்தார், எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, இரண்டு பின்னலாக இறுக்கிப் பின்னி விடுங்கள். மணிக்கணக்கில் குப்புறப் படுக்கவைத்துத்தான் ஆப்பரேஷன் செய்கிறார்கள், அப்புறம் பல நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது, அவிழ்ந்த முடி சிக்காகிவிட்டால் வெட்டத்தான் வேண்டியிருக்கும். குப்புறக் கிடந்ததால் முகம் வீங்கியிருக்கும், கண் திறக்கச் சிரமப்படுவார்கள். ஐசியூவில் பார்க்கும்போது பயந்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், மருதாணி வைக்க வேண்டாம், கம்மல், கொலுசு, இடுப்புக்கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். தாயத்தோ சிலுவையோ கட்டியிருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் அவசரமாக அறுக்க விடாமல் வீட்டிலேயே கழற்றி, உங்கள் பர்சில் வைத்துக்கொண்டு, "அம்மா கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு கணக்கு தப்பி ஆஸ்பத்திரியிலேயே வந்துவிடுவது உண்டு. பையில் தேவையானதை எடுத்து வையுங்கள், வந்தால் யார் உதவுவார்கள் என்று அவளிடமே முன்பே பேசிவிடுங்கள்.

ரத்தத்துக்கு ஆள் கேட்பார்கள். 18 வயதுக்கு மேலே, 45 கிலோவுக்கு மேலே, நோய் நொடி இல்லாதவர்களாக நாலைந்து பேரை முன்பே சொல்லிவையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா, இந்த ஆப்பரேஷனுக்கு எவ்வளவு தருவார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்கு வருகிற பயணம்

நம் மாவட்டத்திலிருந்து போகிறவர்கள் திருவனந்தபுரம் அல்லது மதுரை, அதற்கும் அப்பால் கோயம்புத்தூர், வேலூர், சென்னை என்று போகிறார்கள். தூரம் போனால் ரயிலில் கீழ் பெர்த் கிடைத்தால் நல்லது, முன்பே பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் திருவனந்தபுரத்திலிருந்து தக்கலைக்கு 50 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அந்த ரோட்டில் பாறசாலையிலிருந்து மார்த்தாண்டம் வரை ஊர்ந்துதான் வரவேண்டியிருந்தது, ஒவ்வொரு குழிக்கும் பிள்ளை கண்ணை மூடினாள். கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்துவிடுங்கள். முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை வைத்து, பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கி நாலு அடி நடக்க விடுங்கள். வாந்திக்கு ஒரு கவர். நேரம் தெரிந்தெடுக்க முடிந்தால் ஆபீஸ், பள்ளிக்கூட நேரத்தைத் தவிர்த்து விடுங்கள். வேகத்தடைக்கு டிரைவரிடம் முன்பே சொல்லுங்கள். ஆட்டோ வேண்டாம், பைக் வேண்டவே வேண்டாம்.

மாத்திரையும் தையலும்

ஒரு பெரிய தாளில் மாத்திரை பெயர், எத்தனை மணிக்கு, கொடுத்தாச்சா என்று கட்டம் போட்டுக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாம் ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்குகிறாளே என்று இரண்டு மணி மாத்திரையைக் கொடுக்காமல் விட்டேன். நாலு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தாள், அதை அடக்க மறுநாள் மதியம் ஆயிற்று. முதல் வாரம் வலி வருகிறதா என்று பார்த்துக் கொடுக்காதீர்கள், டாக்டர் சொன்ன மணிக்கு அலாரம் வைத்துக் கொடுங்கள். வலி மாத்திரையிலேயே பாரசிட்டமால் கலந்திருக்கலாம், அதோடு காய்ச்சல் மாத்திரை தனியாகக் கொடுத்தால் அளவு கூடிவிடும், ஈரலுக்குக் கேடு. இபுபுரூபன் வகை மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வலுவான வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும். வயிறு உப்பும், நாலைந்து நாள் மலம் போகாது, முக்கினால் முதுகு வலிக்கும். எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் மலம் இளக்குகிற சிரப் எழுத விட்டுப்போயிருந்தது, எனக்கும் கேட்கத் தெரியவில்லை, வலியை விட அதில்தான் பிள்ளை அதிகம் கஷ்டப்பட்டாள். நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள். தண்ணீர், பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, அப்புறம் நடை, நடைதான் பெரிய மருந்து.

சாப்பாடு முதல் இரண்டு வாரம் இறங்காது, மெலிவார்கள். தட்டு நிறையப் போட்டு மிரட்டாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். புரதம் வேண்டும். கஞ்சியும் பயறும், உளுந்தங்கஞ்சி, முட்டை, முள் எடுத்த சாளை, அயலை, அவித்த நேந்திரம்பழம். மரச்சீனிக் கிழங்கு கேட்டால் கொடுங்கள், ஆனால் மீனோடு கொடுங்கள், தனியாகத் தின்றால் வயிறு மட்டும்தான் நிரம்பும். பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் சாதாரண வாந்தி என்று விடாதீர்கள், ஒல்லியான பிள்ளைகளுக்கு நிமிர்த்திய பிறகு குடல் நெருக்கப்படுவது உண்டு, உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தையலைத் தினம் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மாற்றம் தெரியும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், எதுவும் தடவ வேண்டாம். நனைக்கலாம் என்று டாக்டர் சொல்கிற வரை அந்த இடத்தை விட்டு மற்ற உடம்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். தழும்பைச் சுற்றி மரத்த மாதிரி இருப்பது சாதாரணம், மாதக்கணக்கில் இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொல்வதும் சாதாரணம், கோணலுக்குப் பழகின மூளைக்கு நேர் புதிதாகத் தெரிகிறது. ஆனால் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் நீர், சீழ், புதிதாகச் சிவப்பு, நாற்றம் இருந்தால் அன்றைக்கே ஆப்பரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். கால் பலவீனமாகிறது, மரக்கிறது, சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்கவே கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

வருகிறவர்களும் ஆசானும்

நம் ஊரில் எலும்பு என்றால் ஆசானை, அதாவது வர்ம வைத்தியரைத்தான் முதலில் நினைப்போம். என் அப்பாவின் முறிந்த கையைக் கட்டி நேராக்கியவரே ஒரு ஆசான்தான், அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் ஸ்க்ரூவும் கம்பியும் இருக்கிற முதுகில் எண்ணெய் போட்டுத் தடவுவதோ, உழிச்சலோ, வர்மத்தில் அழுத்துவதோ கூடாது. எலும்பு ஒட்டுகிற நேரத்தில் அந்த அழுத்தம் என்ன செய்யும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. எங்கள் மைனி குப்பியோடு தைலம் கொண்டுவந்தார். நான் எக்ஸ்ரேயைக் காட்டினேன். இரண்டு கம்பியையும் வரிசையாக நிற்கிற ஸ்க்ரூவையும் பார்த்ததும் அவரே குப்பியைப் பைக்குள் வைத்துவிட்டார். வாயால் சண்டை போடுவதை விட அந்தப் படம் நன்றாகப் பேசும், ஒரு படம் போனில் வைத்திருங்கள்.

பார்க்க வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் குறையுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இன்னொரு பேச்சு வரும், பிள்ளையின் முன்னாலேயே வரும்: "இனி கல்யாணம் எப்பிடி?" அதற்குப் பதிலை முன்பே வைத்திருங்கள். இந்த ஆப்பரேஷன் செய்த பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள். பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது பற்றி மயக்க டாக்டரிடம் முன்கூட்டிப் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதை வருகிறவர்களிடம் சொல்லுமுன் உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் வாரத்திலேயே காரணம் இல்லாமல் அழுவார்கள், மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை அது. மூன்றாம் வாரம் சலிப்பு வரும். எங்கள் மகள் நின்றுகொண்டு வரைய அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து கொடுத்தோம், மணிக்கணக்கில் நின்று வரைந்தாள், அதுவே பயிற்சியும் ஆயிற்று.

பள்ளிக்கூடம்

நாலிலிருந்து ஆறு வாரத்தில் பல பிள்ளைகள் போகத் தொடங்குகிறார்கள், முதலில் அரை நாளாக. ஆப்பரேஷனுக்கு முன்பே ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்ற முடியுமா, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி போட முடியுமா, பிரிவேளைக்கு நடுவில் எழுந்து நிற்க அனுமதி, வெஸ்டர்ன் கக்கூஸ் இருக்கிறதா. புத்தகம் இரண்டு செட் வாங்கி ஒன்றை வகுப்பிலேயே வையுங்கள், பை தூக்கவே வேண்டாம். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வெளியே விடச் சொல்லுங்கள், படிக்கட்டில் நூறு பிள்ளைகள் முட்டிக்கொண்டு இறங்குகிற நேரத்தில் அவள் அங்கே இருக்கக் கூடாது. காலையில் டவுன் பஸ்ஸில் நின்று தொங்கிப் போவதும் ஆகாது. 10, 12ஆம் வகுப்பு என்றால் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுகிற ஆளோ வேண்டுமென்று டாக்டர் சான்றிதழோடு பள்ளி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும், உத்தரவு வர நாளாகும், மார்ச் வரை காத்திருக்காதீர்கள்.

புது யூனிஃபார்மை ஆப்பரேஷனுக்கு முன்னால் தைத்துவிடாதீர்கள். நிமிர்த்தியதில் உயரம் சில சென்டிமீட்டர் கூடும், தோளும் இடுப்பும் அளவு மாறும். நான் ஆனியிலேயே இரண்டு செட் தைத்து வைத்து இரண்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

விளையாட்டு, சைக்கிள், ஓட்டம், நீச்சல் ஒவ்வொன்றும் எப்போது என்று ஒவ்வொரு செக்கப்பிலும் தனித்தனியாகக் கேளுங்கள். கேள்விகளை ஒரு நோட்டில் அவளே எழுதட்டும், அவளே கேட்கட்டும். முட்டம், சொத்தவிளை பக்கம் அலை எவ்வளவு வேகமாக முதுகில் அடிக்கும் என்று நமக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது, விளக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆறாம் வாரச் செக்கப்பில் எங்கள் மகள் நோட்டைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, திற்பரப்பு அருவியில் எப்போது நிற்கலாம் என்பதுதான். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழும் என்று அவர் திருப்பிக் கேட்டார். இவள் கையை விரித்துக் காட்டினாள். ஒரு வருட எக்ஸ்ரே வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நோட்டில் அந்தத் தேதியை எழுதிக்கொண்டாள்.